கிரிக்கெட்டா, வினாடி வினாவா, செய்தித்தாளில் ஆறு கடப்பதா? வாலிபர் ஐக்கியத்துக்கு எதை எடுப்பது

வேலூர்ப் பக்கம் விடுமுறை வேதாகமப் பள்ளி மே மாதத்தோடு முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, கைவேலை எல்லாமே அச்சடித்த புத்தகமாகக் கைக்கு வந்துவிடுகிறது. ஜூன் பிறந்து சபையின் இளைஞர் குழுவான வாலிபர் ஐக்கியத்தின் பக்கம் திரும்பினால் அப்படி ஒன்றும் இல்லை. ஞாயிறு மாலை நாலரைக்குக் கூடுகிறார்கள். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். பாட்டும் ஜெபமும் அறிவிப்பும் போக ஒரு மணி நேரம் மிஞ்சும். "அண்ணா, இன்னைக்கு என்ன கேம்?" என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொல்லி ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த மூன்று மாதத்துக்கு எதை வைப்பது என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது இந்த வட்டாரத்தில் எங்கும் பார்க்கக்கூடிய ஒரு குழு. இருபத்தைந்து, முப்பது பேர். பதின்மூன்று வயதில் தொடங்கி இருபத்தைந்து வரை. எட்டாம் வகுப்புப் பெண், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகும் பையன், இன்ஜினியரிங் மாணவன், நர்சிங் படிக்கும் அக்கா எல்லாரும் ஒரே பாயில் உட்காருவார்கள். பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம். காட்பாடி, குடியாத்தம் பக்கமென்றால் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் இருப்பார்கள். இவர்களை வரவழைப்பதில் பெரிய சிரமம் இல்லை. வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள் என்பதுதான் சிரமம்.

அதனால் எந்த விளையாட்டை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். இதில் யார் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? இதன் நோக்கம் விளையாட்டின் விதியிலேயே இருக்கிறதா, அல்லது ஆடி முடித்தபின் ஒரு வசனத்தை ஒட்டவைக்கப் போகிறோமா?

இரண்டாவது கேள்வி புதிதல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். பனிக்காலத்தில் கட்டடத்துக்குள் அடைபட்ட முரட்டு வாலிபர்களுக்கு, ஒருவரையொருவர் மோதித் தள்ளாத ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று விதி செய்தார். ஓடவில்லையென்றால் பிடித்து இழுத்துக் கீழே தள்ள அவசியமே வராது. நான்கு வருஷம் கழித்து, 1895-ல், ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் கைப்பந்தை அமைத்தார். கூடைப்பந்து ஆட மூச்சு வாங்கும் வயதானவர்கள் அவர் கண்ணில் பட்டிருந்தார்கள், அதனால் நடுவில் வலை கட்டினார். இருவருமே தங்கள் நோக்கத்தை விதிக்குள் வைத்தார்கள். 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதும் இதே மரபில்தான். நம் ஊர்ப் பள்ளி மைதானத்து வாலிபால் வலை இப்படியொரு வாலிபர் கூட்டத்திலிருந்து புறப்பட்டு வந்தது என்பதைப் பையன்களுக்கு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

சரி, மைதானத்திலிருந்தே தொடங்கலாம்.

இங்கே வாலிபர்களைக் கூட்டக் கிரிக்கெட்டை விடச் சுலபமான வழி கிடையாது. தண்ணீர் ஓடாத நாட்களில் பாலாற்று மணலில் எப்போதும் ஏதாவது ஒரு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். சர்ச் காம்பவுண்டில் ஸ்டம்பு நட்டால், ஆராதனைப் பக்கமே தலைகாட்டாத பையனும் வந்து நிற்பான். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கிரிக்கெட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். இரண்டு பேர் மட்டையோடு, ஒருவன் பந்தோடு, மீதிப் பேர் நிற்பார்கள். பெண்பிள்ளைகள் ஸ்கோர் எழுதுவார்கள், இல்லாவிட்டால் போதகரின் மனைவியான ஐயரம்மாவோடு டீ போடப் போய்விடுவார்கள். முதல் பந்தில் அவுட் ஆனவனுக்கு அன்றைய கூடுகை அத்தோடு முடிந்தது. ஆட்டம் போதாதவன் சீக்கிரம் வெளியே போய், ஆடத் தெரிந்தவன் கடைசிவரை ஆடும் விளையாட்டு எதுவானாலும் எனக்கு இந்தக் குறை உண்டு. மியூசிக்கல் சேரும் அப்படித்தான். கூச்சப்படுகிற பிள்ளைதான் முதலில் நாற்காலியை இழக்கும்.

வாலிபாலை மாற்றிக்கொள்ளலாம். மூன்று தொடுதலும் மூன்று வேறு ஆட்கள் என்பது ஒரு விதி. பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பந்தை ஒரு முறை தரையில் குத்தவிட்டு எடுக்கலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது விதிதான் எனக்குப் பிடித்தது: சர்வீஸ் போட்டு முடித்தவர் வலைக்கு அந்தப் பக்கம் போய் எதிரணியில் சேர்ந்துவிட வேண்டும். பத்து நிமிஷத்தில் யார் எந்த அணி என்பதே கலைந்துபோகும். பையன்கள் முதலில் முணுமுணுப்பார்கள், "அப்போ யார்ணா ஜெயிச்சது?" என்பார்கள். பதில் சொல்லாமல் அடுத்த சர்வீஸைப் போடச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேயில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் நாலரை மணி மைதானத்துக்கு ஏற்ற நேரம் அல்ல. ஜூனிலும் ஐந்தேகாலுக்குமேல் இறங்குவதே நல்லது, குடத்தில் தண்ணீர் தயாராக இருக்கட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை திடீரென்று வரும், அதற்கு உள்ளே ஆட ஒன்று கைவசம் வேண்டும். கயிறு இழுக்கும் போட்டி வைத்தால் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றவே விடாதீர்கள். இழுவையில் விரல் சிக்கினால் விளையாட்டு ஆஸ்பத்திரியில் போய் முடியும்.

இரண்டாவது வழி வேத வினாடி வினாவும் வசனம் தேடும் போட்டியும். காசு வேண்டாம், இடம் வேண்டாம், சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இத்தனை சௌகரியம் இருப்பதால்தான் அளவுக்கு மீறி நடக்கிறது. வாராவாரம் அதே மூன்று பேர் கை தூக்குவார்கள். அந்த மூவரில் இருவர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரின் பிள்ளைகளாக இருப்பார்கள். வசனம் தேடும் போட்டியில் இன்னொரு கோணலும் உண்டு. பைபிளைப் புரட்டத் தெரிகிறதா என்று பார்ப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது தமிழை வேகமாக வாசிக்கும் போட்டி. இங்கிலீஷ் மீடியத்துப் பிள்ளை "எபிரெயருக்கு" என்ற தலைப்பை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். கைப்பேசியில் பைபிள் வைத்திருப்பவனோ இரண்டு தட்டில் எடுத்துவிடுவான்.

பல சபைகள் சேர்ந்த திருமண்டலம் நடத்தும் போட்டிக்குத் தயாராகும் மாதத்தில் இது தேவைதான். மற்ற நாட்களில் கேள்வியின் வகையை மாற்றினால் பிழைக்கும். பைபிளைத் திறந்தே வைத்துக்கொள்ளட்டும், நாலு நாலு பேராக உட்காரட்டும். லூக்கா 10-ல் நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் எவ்வளவு கொடுத்தான்? இரண்டு பணம். மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டக் கூலி நாளொன்றுக்கு எவ்வளவு? ஒரு பணம். அப்படியென்றால் முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவன் எடுத்துவைத்தது இரண்டு நாள் சம்பளம். இன்றைக்கு நம் ஊர்க் கூலியில் அது எத்தனை ரூபாய்? இந்த இடத்தில் முதலில் வாய் திறப்பது ஷூ கம்பெனிக்குப் போகும் பையனாக இருக்கும். கல்லூரி மாணவனுக்கு ஒரு நாள் கூலி என்னவென்று தெரியாது. அதுவரை வினாடி வினாவில் வாயே திறக்காதவன் அணிக்கு வேண்டியவன் ஆகிறான்.

மூன்றாவது வகைதான் என் தேர்வு, அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். குழுவாகச் சேர்ந்தால் மட்டும் முடிக்கக்கூடிய சின்னச் சவால்கள் இவை. பெயர் தெரியாவிட்டாலும் பலர் ஆடியிருப்பார்கள்.

செய்தித்தாள் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் இருபதடி இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். நடுவில் இருப்பது வெள்ளம் வந்த பாலாறு. (2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.) எட்டுப் பேர் கொண்ட அணிக்கு மடித்த செய்தித்தாள் ஐந்து. தாள்மேல் மட்டும் கால் வைத்து எல்லாரும் அக்கரை சேர வேண்டும். யார் காலும் படாமல் ஒரு தாள் கிடந்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், அதாவது நீங்கள் எடுத்துவிடுவீர்கள். தரையில் கால் பட்டால் அணி முழுவதும் திரும்ப வேண்டும்.

முதல் சுற்றில் அநேகமாக எல்லா அணியிலும் ஒரே கதைதான். குரல் பெரிதாக உள்ளவர் தலைவர் ஆகிவிடுவார். இரண்டு தாள் வெள்ளத்தில் போகும். பின்னால் நிற்கும் சின்னப் பெண் "முன்னாடி போனவங்க தாளைப் பின்னாடி தள்ளுங்க" என்று சொல்லியிருப்பாள், யார் காதிலும் விழுந்திருக்காது. நீங்கள் ஒரு நோட்டோடு ஓரமாக நின்று இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிஷம் போதும், பேச்சுக்கு இருபது வேண்டும். பெரும்பாலான தலைவர்கள் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள், நேரம் போய்விட்டது என்று பேச்சை ஒரு ஜெபத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

பேச்சு என்றால் பிரசங்கம் இல்லை. மூன்று கேள்வி போதும். என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? வீட்டிலும் வேலையிலும் சபையிலும் இது எங்கே நடக்கிறது? முதல் கேள்வியைத் தாண்டாமல் மூன்றாவதற்குத் தாவினால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள்: "ஒற்றுமையா இருக்கணும்ணா." அது ஞானஸ்நான வகுப்பிலிருந்து மனப்பாடமாக வருவது. "யாரோட யோசனையை நாம கேக்கல?" என்று குறிப்பாகக் கேட்டால் ஒரு நிமிஷம் அமைதி வரும், அப்புறம் உண்மையான பேச்சு வரும். அனுபவக் கல்வி பற்றி எழுதிய டேவிட் கோல்பின் வரிசையும் ஏறக்குறைய இதுதான்: செய்வது, திரும்பிப் பார்ப்பது, காரணம் கண்டுபிடிப்பது, மறுபடி செய்து பார்ப்பது. அந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். பேசி முடித்ததும் அதே ஆற்றை இன்னொரு முறை கடக்கச் சொல்லுங்கள். சின்னவர்களைக் கேட்டுக் கேட்டு நகர்வார்கள்.

வேதபாகத்தையும் வழக்கமான இடத்தில் தேட வேண்டாம். எல்லாரும் ஒரே சரீரத்தின் அவயவங்கள் என்ற 1 கொரிந்தியர் 12 நல்ல பகுதிதான், ஆனால் தேய்ந்துவிட்டது. அப்போஸ்தலர் 6-ஐ எடுங்கள். கிரேக்கமொழி பேசிய விதவைகள் தினசரிப் பகிர்வில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது, அதைத் தீர்க்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஆதித் திருச்சபையிலும் மொழி காரணமாகச் சிலருடைய குரல் கேட்கப்படவில்லை என்பதை, இப்போதுதான் ஒரு சின்னப் பெண்ணின் குரலைக் கேட்காமல் விட்டவர்கள் வாசிக்கும்போது அவர்களுக்கே புரியும். நீங்கள் இணைப்புப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இந்த வகையிலும் வம்பு உண்டு. மனித முடிச்சு என்ற விளையாட்டில் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக நின்று, குறுக்கே இருப்பவர்கள் கையைப் பிடித்து, விடாமல் சிக்கலை அவிழ்க்க வேண்டும். நம் ஊரில் பையனும் பெண்ணும் அப்படிக் கைகோத்து நெருங்கி நிற்பதை வீட்டில் விரும்ப மாட்டார்கள், பிள்ளைகளுக்கே சங்கடம். கைக்குக் கை பிடிக்காமல் இடையில் ஆளுக்கொரு துண்டைப் பிடிக்கச் சொன்னால் இடைவெளியும் கிடைக்கும், விளையாட்டும் கெடாது. அல்லது தனித்தனி வட்டம். சில முடிச்சுகள் அவிழவே அவிழாது, சில இரண்டு வளையமாகப் பிரியும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நீங்கள் திணற மாட்டீர்கள். கண்ணைக் கட்டி அழைத்துப்போகும் நம்பிக்கை நடையை மட்டும் நான் சேர்ப்பதில்லை. ஒரு குறும்புக்காரன் போதும், அன்றைக்கு வந்த புதிய பிள்ளை மறுவாரம் வராது. இருட்டும் பிறர் கையும் யாருக்கு என்ன பயத்தைக் கிளப்பும் என்று நமக்குத் தெரியாது.

நாடகம் வேறு மாதிரி. நடிக்காதவர்கள் வசனம் எழுதலாம், துணிமணி தேடலாம், விளக்கு பிடிக்கலாம், ஆக வெளியே உட்காருபவர்கள் குறைவு. ஆனால் நாலைந்து வாரம் ஒத்திகை வேண்டும், டியூஷன் இருக்கும் பிள்ளைகள் விடுபடுவார்கள். கிறிஸ்மஸுக்கு எப்படியும் ஒன்று போடத்தான் போகிறோம். மற்ற நேரத்தில் போடுவதானால் நம் ஊர்க் கதையை எடுக்கலாம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு இந்து, தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வாலிபப் பெண்ணான ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவர் மருத்துவர் அல்ல, ஆண் மருத்துவரான அவர் தகப்பனாரை அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் மருத்துவம் படித்துவிட்டு 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அந்த மூன்று கணவர்களையும் வில்லன்களாகவோ கோமாளிகளாகவோ காட்டாமல், பயந்துபோன மூன்று மனிதர்களாக நடிக்க வைக்க முடிந்தால் அந்த ஒத்திகையே ஒரு பாடம். முடியாதென்றால் எடுக்காதீர்கள், பார்க்க வருகிறவர்களில் பிற மதத்தினரும் இருப்பார்கள்.

புதையல் வேட்டைக்கு வேலூர்க் கோட்டையைச் சொல்லாதவர் இல்லை. 1846-ல் கட்டிய செயிண்ட் ஜான்ஸ் ஆலயம், ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி மூன்றும் ஒரே மதிலுக்குள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடமும் அதுதான். துப்பு எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், துப்புச்சீட்டை ஒட்டவும் கூட்டமாக ஓடவும் முடியாது. கிடைக்கும் "புதையலும்" கடைசியில் ஒரு சாக்லேட் டப்பாதான்.

அதற்குப் பதிலாக ஒரு வரைபட வேட்டை வைக்கலாம். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் தள்ளி உள்ள சி.எம்.சி.க்கு வந்து, காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகளில் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம், அதற்குமேல் யோசிப்பதில்லை. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து ஒரு சனிக்கிழமை காலையில் தேட வேண்டியவை: ஸ்டேஷனிலிருந்து எந்த பஸ், டிக்கெட் எவ்வளவு? சோறும் சப்பாத்தியும் மலிவாக எங்கே கிடைக்கும்? சமைத்துக்கொள்ள அடுப்பு, பாத்திரம் வாடகைக்கு யார் தருகிறார்கள்? இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது? கொண்டுவந்த தகவலை ஒரு தாளில் வரைபடமாக்கி, இந்தி, வங்காளம் தெரிந்த மாணவர்களைக் கொண்டு எழுதி, நகலெடுத்து லாட்ஜ் வரவேற்பில் கேட்டுவிட்டு வைக்கலாம். நர்சிங் படிக்கும் அக்காவுக்கு வழி தெரியும், ஆட்டோக்காரர் மகனுக்குக் கட்டணம் தெரியும். படுக்கையருகே போய்க் கூட்டமாகப் பாடி ஜெபித்துவிட்டு வருவதைவிட இது நோயாளிகளுக்குத் தொந்தரவில்லாதது. இதில் வெளியே நிற்கப்போவது, வீட்டில் வெளியே அனுப்பாத பெண்பிள்ளைகள். ஒவ்வொரு அணியோடும் பெரியவர் ஒருவர் போவார் என்று நேரில் போய்ச் சொன்னால் பல வீடுகளில் அனுப்புவார்கள். அப்படியும் வர முடியாதவர்களுக்கு வரைகிற வேலை இருக்கிறது.

ஏலகிரி முகாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே பிள்ளைகள் சந்தோஷமாகிவிடுவார்கள், இரண்டு நாளில் உண்டாகும் நெருக்கம் ஆறு மாத ஞாயிறுகளில் வராது. ஆனால் பணம் கட்ட முடியாதவர் சொல்லாமல் நின்றுவிடுவார், காரணமாகக் காய்ச்சல் என்பார். கட்டணத்தைச் சபை ஏற்க முடிந்தால் வருஷத்துக்கு ஒன்று, முடியாவிட்டால் வேலூர்ப் பக்கத்து அமிர்தி வனப் பூங்காவுக்கு ஒரு நாள்.

எதை எடுத்தாலும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். வெளியே போனால் பெற்றோர் கையெழுத்து. பிள்ளைகளின் போட்டோவைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

கமிட்டியில் ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார்: "ஓய்வுநாளில் என்னப்பா விளையாட்டு?" அவரை மடக்க நினைக்காதீர்கள், அவர் கேட்பதில் பக்தி இருக்கிறது. எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டர் ஓட மறுத்தவர், பிறகு 400 மீட்டரில் தங்கம் வென்றவர். சீனாவில் மிஷனரியாக இருந்து ஜப்பானியர் தடுப்பு முகாமில் அடைபட்டபோது, அங்கிருந்த பிள்ளைகள் ஆட்டத்தில் அடித்துக்கொள்வதைப் பார்த்து ஞாயிறன்றும் நடுவராக நின்றார். இதைச் சொல்லிவிட்டு, வாலிபாலைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளவும் தயாராக இருங்கள். அவரையே ஒரு நாள் நடுவராகக் கூப்பிடலாம்.

ஆக, என் கணக்கு இது. ஜூனில் உள்ளே ஆடும் குழுச் சவால்கள், பெயரே தெரியாதவர்கள் பேசத் தொடங்குவதற்காக. ஜூலையில் இரண்டு வாரம் மாற்றிய விதியோடு வாலிபால், இரண்டு வாரம் திறந்த பைபிள் வினாடி வினா. ஆகஸ்டில் வரைபட வேட்டை, அதற்குள் ஒருவரையொருவர் நம்பி ஊருக்குள் அனுப்பும் அளவுக்குப் பழகியிருப்பார்கள். உங்கள் குழு ஏற்கெனவே நெருக்கமான குழு என்றால் ஜூனைத் தாண்டி நேரே வேட்டைக்குப் போகலாம். பத்துப் பேருக்குக் குறைவென்றால் வாலிபாலை விட்டுவிடுங்கள். முதல் ஞாயிறுக்கு வேண்டியது அணிக்கு ஐந்தாகப் பழைய செய்தித்தாளும் ஒரு சாக்பீஸும். தாள் கிழியும், கூடுதலாக ஒரு கட்டு எடுத்துவரச் சொல்லுங்கள்.